ஏப்ரல் 17 தீர்மானம்: லா வியா கம்பெசினா நம்ம மாவட்டத்துக்கு ஒத்து வருமா?

பென்னாகரம்_ராகி

ஏப்ரல் 17 சர்வதேச உழவர் போராட்ட நாள். இதை அறிவிச்சது லா வியா கம்பெசினா, அதாவது பல நாட்டுச் சிறு உழவர், நிலமில்லாதவர் சங்கங்களோட கூட்டமைப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டச் சங்கங்களும் சேர்ந்து ஒரே தீர்மானம் போட்டு, அந்த மாசக் குறைதீர் கூட்டத்துல ஆட்சியர்கிட்ட கொடுக்கலாம்னு ஒரு யோசனை. "யாரோ வெளிநாட்டுக்காரன் நாளு, நமக்கெதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்காக முன்கதையைச் சுருக்கமா சொல்லிடறேன்.

1996 ஏப்ரல் 17. பிரேசில்ல எல்டொராடோ தோஸ் கராஜாஸ்ங்கற இடத்துல நிலமில்லாத தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்தவங்க நிலம் கேட்டு ரோட்டை மறிச்சாங்க. இராணுவப் போலீஸ் சுட்டதுல 19 பேர் செத்துப்போனாங்க. மறுநாள் மெக்சிகோவுல திலாஸ்கலா ஊர்ல லா வியா கம்பெசினாவோட ரெண்டாவது மாநாடு தொடங்குச்சு. அந்த இயக்கமும் இதுல உறுப்பு. இந்த நாள் வந்த வழி அதுதான்.

அமைப்பு பிறந்தது அதுக்கும் முன்ன. 1992 ஏப்ரல்ல நிகராகுவா தலைநகர் மனாகுவாவுல, அங்கத்து உழவர் சங்க மாநாட்டுக்கு வந்திருந்த மத்திய அமெரிக்கா, ஐரோப்பா, கனடா, அமெரிக்கா சங்கத் தலைவருங்க ஒண்ணா உக்காந்து பேசி ஒரு அறிக்கை விட்டாங்க. 1993 மே மாசம் பெல்ஜியம் மான்ஸ் நகரத்துல முறையா அமைப்பாச்சு. காலத்தைக் கவனிங்க. 1986ல ஆரம்பிச்ச உருகுவே சுற்று வர்த்தகப் பேச்சு, 1991 டிசம்பர்ல அந்தப் பேச்சோட ஒப்பந்த வரைவான டங்கல் வரைவு, 1994ல மராகேஷ் கையெழுத்து, 1995 ஜனவரி 1ல உலக வர்த்தக அமைப்பு. முதல்முறையா பயிர்த்தொழில் மொத்தமும் சர்வதேச வர்த்தக விதிக்குள்ள போகுது. அந்தப் பேச்சு நடந்த அறையில ஏத்துமதிக் கம்பெனிக்காரன் சொல்லு ஏறுச்சு, ரெண்டு ஏக்கர்க்காரனுக்கு நாற்காலியே இல்ல. அந்தக் குறைக்குப் பிறந்த அமைப்பு இது. இன்னைக்கு 80க்கு மேல நாடு, 180 சொச்சம் சங்கம். தலைமைச் செயலகம் ஒரே ஊர்ல குந்தாது: முதல்ல ஐரோப்பா, 1996ல ஹோண்டுராஸ், 2004ல ஜகார்த்தா, 2013ல ஹராரே, இப்ப பிரான்ஸ்.

நோக்கத்தை ஒரே சொல்லுல சொன்னா உணவு இறையாண்மை. எதை விதைக்கறது, எப்படி விதைக்கறது, யாருக்கு முதல்ல கொடுக்கறதுன்னு அந்த மண்ணுல இருக்கற சனம் முடிவு பண்ணணும். திலாஸ்கலாவுல பேசி, அதே வருசம் நவம்பர்ல ரோம் உலக உணவு மாநாட்டுல பொதுவுல வச்சாங்க. வயித்துக்குச் சோறு கிடைச்சாப் போதும், அது எங்கிருந்து வந்தா என்னங்கற "உணவுப் பாதுகாப்பு" பேச்சுக்கு இதுதான் பதில்.

ஒசூர்_பாலிஹவுஸ்

அண்ணா, செத்தவங்களுக்கு அஞ்சலி செலுத்த யாரும் மறுக்கல. ஆனா தீர்மானம்னு போட்டா அந்த அமைப்போட கொள்கை மூட்டையையும் சேர்த்துத்தான் தோள்ல ஏத்திக்கறோம். அதுல மேலாக இருக்கறது "உலக வர்த்தக அமைப்பே, வேளாண்மையை விட்டு வெளியே போ"ங்கற முழக்கம்.

நம்ம மாவட்டத்துல இருந்து என்ன வெளிய போகுதுன்னு எண்ணிப் பாருங்க. பாகலூர், கெலமங்கலம், தளி பக்கம் பாலிஹவுஸ்ல வளர்ற தாஜ்மகால் ரோஜா பிப்ரவரி 14ஐ நம்பித்தான் டிசம்பர்லயே கவாத்துக்குப் போகுது. கிருஷ்ணகிரி மாங்கூழ் 215 கிலோ டிரம்முல அசெப்டிக் பையில கப்பல் ஏறுது. விதி ஒண்ணும் இல்லாத உலகத்துல பலசாலி நாடு வச்சதுதான் சட்டம்.

2014 மே 1ல இருந்து ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் நாலு காய்கறியையும் பழ ஈ இருக்குன்னு தடுத்துச்சு. 2015 ஜனவரியில மாம்பழத் தடை எடுத்தாங்க. எப்படி எடுத்தாங்க? பழத்தைப் பொட்டலம் கட்டற பேக்ஹவுஸ்ல ஆய்வு, 48 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் பழத்தை முக்கி எடுக்கற சிகிச்சைன்னு அறிவியல் ஆதாரத்தோட பதில் சொன்னதால. "ஆதாரம் காட்டுங்க"ன்னு ரெண்டு பக்கமும் கேக்கறதுக்கு ஒரு பொது விதி இருக்கறது உலக வர்த்தக அமைப்பாலதான். அதையே கலைச்சுட்டா யார்கிட்ட போய் நிப்பீங்க?

அப்புறம், 90கள்ல உழவர் சங்கம் எல்லாமே டங்கலை எதிர்த்ததுன்னு ஒரு தோற்றம் கொடுக்கறீங்க. மகாராஷ்டிரத்துல ஷேத்கரி சங்கட்டனாங்கற உழவர் சங்கத்தோட தலைவர் சரத் ஜோஷி ஆதரிச்சார். அவர் வாதம் என்ன? இந்திய அரசு ஒரு கையால மானியம் கொடுக்கற மாதிரி காட்டி, மறு கையால ஏத்துமதியைத் தடுத்து விலையை அமுக்குது, கூட்டிக் கழிச்சா உழவனுக்கு வர்றது எதிர்மறை மானியம்னார். வெங்காயம் விலை ஏறினதும் டில்லி ஏத்துமதிக்குத் தடை போடறதைப் பார்க்கறவங்களுக்கு அது புரியும்.

மொரப்பூர்_தோழர்

வலதுபுறத்திலிருந்து ஒரு எதிர்ப்பு வந்துவிட்டது. இடதுபுறத்திலிருந்து நான் ஒன்று வைக்கிறேன்.

முதலில் வரலாற்றில் விடுபட்ட பகுதி. மான்ஸ் கூட்டத்தை ஏற்பாடு செய்ய உதவியது பாவ்லோ ஃப்ரெய்ரே ஸ்டிச்டிங் என்ற நெதர்லாந்துத் தொண்டு நிறுவனம். அவர்கள் நினைத்தது ஒரு கொள்கை ஆய்வுத் திட்டம்; 1946 முதல் இருந்துவந்த சர்வதேச வேளாண் உற்பத்தியாளர் கூட்டமைப்பையும் உள்ளே இழுத்துக்கொண்ட ஒரு மேடை. வந்திருந்த உழவர் தலைவர்கள் "எங்களுக்காக நீங்கள் பேச வேண்டாம்" என்று அதை மறுத்துத் தங்கள் அமைப்பைக் கட்டினார்கள். பழைய கூட்டமைப்பு பணக்கார நாடுகளின் பெரிய பண்ணைக்காரர் குரல். ஐநா அவையில் "உழவர்" என்றால் அவர்கள்தான் என்றிருந்தது. அது 2010-இல் கலைக்கப்பட்டது. தொண்டு நிறுவனத்துக்கு உறுப்புரிமை கிடையாது என்ற விதி இந்தச் சண்டையின் விளைவு. இதுவரை எனக்கும் பாராட்டுதான்.

ஆனால் இந்தியக் கிளை யார்? கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம், வடக்கே பாரதிய கிசான் யூனியன், நம் பக்கத்தில் பச்சைத் துண்டுச் சங்கம். மூன்றுமே மின்கட்டணம், கரும்பு விலை, கடன் வசூல் என்ற கோரிக்கைகளில் வளர்ந்தவை. கிணறும் பம்புசெட்டும் உள்ளவனின் கோரிக்கைகள் அவை. பிரேசிலில் நிலமில்லாதவன் தரிசில் குடிசை போடும் இயக்கமும், இங்கே நிலமுள்ளவன் விலை கேட்கும் இயக்கமும் ஒரே குடையின் கீழ் நிற்கின்றன. நம் மாவட்டங்களில் நிலமில்லாதவன் பெங்களூரு கட்டட வேலைக்குப் பஸ் ஏறுகிறான். அவனுக்கு ஏப்ரல் 17 தீர்மானத்தில் ஒரு வரி உண்டா? 1936-லேயே அகில இந்திய கிசான் சபை நிலச் சீர்திருத்தம் பேசியது. அதற்கு மான்ஸ் வரை போக வேண்டியிருக்கவில்லை.

பென்னாகரம்_ராகி

தோழர், அந்தக் குறையில நியாயம் இருக்கு. ஆனா மின்கட்டணக் கோரிக்கையைப் பண்ணையார் கோரிக்கைன்னு சொல்லிடாதீங்க. தமிழக விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டத்துல நின்னவங்கள்ல பெரும்பாலும் ஒரு கிணறு, மூணு ஏக்கர் ஆளுங்க. 1984ல சிறு விவசாயிக்கு, 1990ல எல்லாருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாச்சு. அதனால பலன் அடைஞ்சவங்கள்ல நம்ம வறட்டுப் பூமிக்காரங்களும் இருக்காங்க.

இன்னொண்ணு, ரைத்த சங்கத் தலைவரா இருந்த நஞ்சுண்டசாமியைப் பத்தி அடிக்கடி காதுல விழற பேச்சு: "நஞ்சுண்டசாமிதான் இந்த அமைப்பை ஆரம்பிச்சார், கார்கில் ஆபீசை உடைச்சதுல இருந்து ஆரம்பம்"னு. அப்படி இல்ல. பெங்களூருல கார்கில் விதைக் கம்பெனி ஆபீசுக்குள்ள புகுந்தது 1992 டிசம்பர் 29, பெல்லாரியில அவங்க கட்டடத்தை இடிச்சது 1993 ஜூலை. ரைத்த சங்கம் டங்கல் எதிர்ப்புல தனி வழியாவே வந்தது. மான்ஸ்ல முன்ன நின்னது லத்தீன் அமெரிக்கா, ஐரோப்பா சங்கங்க. ரைத்த சங்கம் பெரிய அளவுல தோள் கொடுத்தது 2000ல, மூணாவது மாநாட்டை பெங்களூருல நடத்தினப்ப.

தேன்கனிக்கோட்டை_செல்வி

அந்த 2000 மாநாட்டைப் பத்தி ஒருத்தரும் முக்கியமானதைச் சொல்லலையே. பெங்களூருல எடுத்த முடிவு: சர்வதேச ஒருங்கிணைப்புக் குழுவுல பிராந்தியத்துக்கு ரெண்டு பேர், ஒருத்தர் ஆண், ஒருத்தர் பெண். ஆலோசனை சொல்ற இடம் இல்ல, முடிவெடுக்கற இடம். நம்ம ரெண்டு மாவட்டத்துல எந்தச் சங்கத்துல செயலாளர் பதவியில பொம்பளை இருக்காங்கன்னு ஒரு அண்ணன் சொல்லட்டும். தீர்மானம் போடறதுக்கு முன்ன இதைச் சரி பண்ணுங்க.

இது வெறும் மரியாதைப் பிரச்சனை இல்லீங்க. ராகிக்கு நாத்து விடறதுல இருந்து களை, அறுவடை, தூத்தறது வரைக்கும் பொம்பளை வேலை. நேரடிக் கொள்முதல் நிலையத்துல என்ன கேக்கறாங்க? சிட்டா (நில உரிமைக் காகிதம்), அடங்கல் (எந்த நிலத்துல என்ன பயிர்ங்கற பதிவேடு), ஆதார், பேங்க் பாஸ்புக். சிட்டா மாமனார் பேர்ல, அதுவும் கூட்டுப் பட்டா. மாமனார் செத்துப்போயிருப்பார், பட்டா மாத்தியிருக்க மாட்டாங்க. பயிர் பண்றவ பேரு எந்தக் காகிதத்துலயும் இல்ல. கடைசியில மூட்டை யாரோ பட்டாக்காரர் கணக்குல ஏறும், பணம் அவர் பேங்குல விழும், இல்லாட்டி வாசல்லயே வியாபாரிக்குக் குறைஞ்ச விலைக்குப் போகும். இதுக்குப் பரிகாரம் எளிசு: கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதறப்ப பயிரிடறவர் பேரை நேர்ல பார்த்து எழுதணும். ஐநா உழவர் உரிமைப் பிரகடனத்துல 4ஆவது பிரிவே பெண்களுக்கானது. தீர்மானத்துல இந்த அடங்கல் வரியைச் சேர்த்தா நான் முதல் கையெழுத்து.

ஒசூர்_பாலிஹவுஸ்

செல்வியக்கா சொன்ன அடங்கல் கோரிக்கைக்கு நானும் சரி. ஆனா பாருங்க, அதுக்கு லா வியா கம்பெசினா எதுக்கு? தாசில்தார் போதும்.

அரூர்_சட்டம்

ஐநா பிரகடனம் என்று வந்துவிட்டதால் அதன் சட்ட எடையைத் தெளிவாக்கிவிடுகிறேன். பலரும் இதை ஒப்பந்தம் என்றே பேசுகிறார்கள்.

2018 டிசம்பர் 17 அன்று பொதுச்சபையில் 121 நாடுகள் ஆதரவு, 8 எதிர்ப்பு, 54 நடுநிலை. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. எதிர்த்த எட்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உண்டு. மொத்தம் 28 பிரிவுகள். 17-ஆவது நிலம், 19-ஆவது விதை. இதன் முதல் வரைவு உழவர் அமைப்புகளுக்குள்ளேயே, குறிப்பாக இந்தோனேசிய சங்கத்தின் முயற்சியில் உருவானது. பொலிவியா அதை மனித உரிமை மன்றத்துக்கு எடுத்துச் சென்றது. 2012 முதல் ஆறு ஆண்டு பேச்சுவார்த்தை. ஓர் உழவர் அமைப்பு தானே எழுதத் தொடங்கியதை ஐநா ஆவணமாக்கியது சாதனைதான், மறுக்கவில்லை.

ஆனால் பிரகடனம் நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ரிட் மனுவில் "பிரிவு 17 மீறப்பட்டது" என்று மட்டும் எழுதினால் நீதிமன்றம் நிவாரணம் தராது. உள்நாட்டுச் சட்டத்தை விளக்கத் துணைச் சான்றாக வைக்கலாம், அவ்வளவே. நம் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை அரூர் வழியாகப் போகும் திட்டம். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதி பெற்றுப் புதிதாக அறிவிக்கை வெளியிடலாம் என்றது. வாதம் முழுக்க தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956, சுற்றுச்சூழல் அனுமதி எந்தக் கட்டத்தில் வேண்டும் என்பதைச் சுற்றித்தான் நடந்தது.

சிப்காட் என்றால் இன்னும் கடினம். 2013 நில எடுப்புச் சட்டத்தில் தனியார் திட்டத்துக்கு 80 விழுக்காடு, அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 விழுக்காடு நில உரிமையாளர் ஒப்புதல் வேண்டும். ஆனால் இங்கே சிப்காட்டுக்கு எடுப்பது 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ். இழப்பீடு 2013 கணக்குப்படி வரும். ஒப்புதலும் சமூகத் தாக்க ஆய்வும் வராது. 2019-இல் மாநில அரசு அந்தச் சட்டத்துக்குப் புத்துயிர் கொடுத்தது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகவே தீர்மானம் போடுகிறவர்கள் ஐநா பிரிவு எண்ணை எழுதுவதோடு நிறுத்தினால் பயனில்லை. "1997 சட்டத்தில் ஒப்புதல் பிரிவைச் சேர்" என்று எழுதுங்கள். அது சட்டமன்றம் செய்யக்கூடிய வேலை.

பாலக்கோடு_கூடு

வர்த்தகப் பேச்சுக்குத் திரும்பலாமா. ஒசூர்க்காரர் ரோஜாவை வச்சுப் பேசறார், நான் பட்டுக்கூட்டை வச்சுப் பேசறேன். உணவு இல்லைன்னாலும் இறக்குமதி எப்படிக் கழுத்தைப் பிடிக்கும்ங்கறதுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது.

நூறு பட்டுப்புழு முட்டைத் தொகுதி வளர்த்தா நல்ல பருவத்துல வெண்கூடு 60ல இருந்து 70 கிலோ. ஒரு கிலோ கச்சா பட்டு எடுக்க ஆறரை கிலோ கூடு போகுதுன்னு வைங்க. நூற்பாளர் தர்மபுரி அங்காடியில ஏலம் கேக்கறப்ப அவர் மனசுல ஓடறது ஒரே கணக்கு: கச்சா பட்டு விலையில தன் கூலி, விறகு, கரன்ட் செலவைக் கழிச்சு ஆறரையால வகுக்கறது. அதாவது இறக்குமதிப் பட்டு கிலோவுக்கு 650 ரூபாய் இறங்கினா, இங்க கூடு கிலோவுக்கு 100 ரூபாய் இறங்கியாகணும். 65 கிலோ அறுத்தவருக்கு ஒரே பருவத்துல 6,500 போச்சு. புழுவுக்குக் கொடுத்த மல்பெரி இலை, ஆள் கூலி, சுண்ணாம்பு, மருந்து எதுவும் குறையல.

2011 பட்ஜெட்ல கச்சா பட்டு இறக்குமதி வரியை 30ல இருந்து 5 விழுக்காடா இறக்கினாங்க. சீனப் பட்டு உள்ள வந்துச்சு, கூடு விலை படுத்துச்சு, பல பேர் மல்பெரிச் செடியைப் பிடுங்கிட்டு வேற பயிருக்குப் போனாங்க. அப்புறம் வரியை மறுபடி ஏத்தினாங்க. மல்பெரி ஒருமுறை நட்டா பல வருசம் நிக்கற செடி. பிடுங்கினவன் மறுபடி நட்டு முழு இலை எடுக்க வருசக் கணக்காகும், புழு வளர்க்கற மனையும் அதுவரைக்கும் காலி. விலை திரும்பி வந்தாலும் ஆள் திரும்பி வர மாட்டான். வரியைத் தீர்மானிக்கற இடத்துல வளர்க்கறவன் குரல் இருக்கணும்னு லா வியா கம்பெசினா சொல்றதோட அர்த்தம் இதுதான்.

ஒசூர்_பாலிஹவுஸ்

கணக்கு சுத்தம். முடிவுதான் கோணல். 2011ல வரியைக் குறைக்கச் சொன்னது ஜெனீவாவுல இருக்கற உலக வர்த்தக அமைப்பு இல்ல, நம்ம டில்லி. ஆரணி, காஞ்சிபுரம், சேலம் நெசவாளருக்கு நூல் விலை தாங்கலைன்னு அந்தப் பக்கமும் கூப்பாடு இருந்துச்சு. நூல் விலை ஏறினா அவன் தறி நிக்கும். அவனும் ஏழைதான். இப்ப சொல்லுங்க, "உள்ளூர் சனம் முடிவு பண்ணணும்"னா எந்த உள்ளூர்? பாலக்கோடா, ஆரணியா? உணவு இறையாண்மை பேசறவங்க இந்தக் கேள்விக்கு நேரா பதில் சொன்னதா நான் படிச்சதில்ல. 2007ல மாலி நாட்டு செலிங்கேயில 80க்கு மேற்பட்ட நாட்டுல இருந்து 500க்கு மேல ஆள் கூடி உணவு இறையாண்மை பத்தி நியெலெனி அறிக்கை எழுதினாங்களே, அதுலயும் உற்பத்தி பண்றவன், வாங்கறவன் ரெண்டு பேரையும் ஒரே வரியில சேர்த்துட்டு நகர்ந்துட்டாங்க.

காவேரிப்பட்டணம்_மாங்கூழ்

ஒசூர்க்காரர் கேட்ட "எந்த உள்ளூர்"ங்கறதுக்கு எங்க பக்கம் ரத்தக்காயமே இருக்குங்க. 2025 சீசன். ஆந்திராவுல பெங்களூரா மாங்காய்க்கு, அதான் தோத்தாபுரி, ஃபேக்டரி கிலோவுக்கு 8 ரூபாய், அரசு மேல 4 ரூபாய்னு 12 நிர்ணயம் பண்ணாங்க. நல்ல காரியம். கூடவே சித்தூர் மாவட்டத்துல வெளி மாநிலக் காய் உள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு. கர்நாடக முதல்வர் கடிதமே எழுதினார். காரணம் அவங்க பார்வையில சரி: உள்ளூர்க்காரனுக்குன்னு அரசு பணம் போடறப்ப பக்கத்து மாநிலக் காய் அதைத் தின்னுடும். ஆனா அங்க கதவு அடைச்சா, அங்க போகவேண்டிய காயும் இங்க இருக்கற ஃபேக்டரி வாசல்லதான் லாரி லாரியா வந்து நிக்கும். உணவு இறையாண்மைன்னா இதானா?

விலை ஏன் விழுந்துச்சுன்னும் சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் வியாபாரி சதின்னே பேசறாங்க. ரெண்டு டன் காய்க்கு சுமாரா ஒரு டன் கூழ். முந்தின வருசக் கூழ் டிரம் விக்காம கிடங்குல நின்னா, ஃபேக்டரிக்காரர் பேங்க் கடன் அதுல முடங்கியிருக்கும். புது சீசனுக்குக் கையில காசு இல்லாம அரை நாள் ஓட்டுவார். தோத்தாபுரி மரத்துல காத்திருக்காது, பழுத்தா மூணு நாலு நாள்ல கருக்கும். தின்கிற பழமா விக்க சந்தை சின்னது, தொண்ணூறு பங்கு கூழுக்குத்தான்னு நினைச்சு நட்டது அது. வாங்கறவன் ஒரே வகை, விக்கறவன் ஆயிரம் பேர், காத்திருக்க முடியாத சரக்கு. இந்த மூணும் சேர்ந்தா எந்த சர்வதேச அமைப்பும் விலையைத் தூக்க முடியாது. வேணும்னா மரத்தை மேல்வேலை பண்ணி பாதியை வேற ரகத்துக்கு மாத்தலாம். வயசான மரத்தை இடுப்பளவுக்குக் கவாத்து பண்ணி, வர்ற துளிர்ல ஒட்டுக் கட்டினா மூணாம் வருசம் காய்.

அரூர்_சட்டம்

சித்தூர் உத்தரவு பற்றி ஒரு வரி: அரசமைப்பின் 301-ஆவது பிரிவு நாட்டுக்குள் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு வேண்டுமென்றால் 304(ஆ) வழியில், குடியரசுத் தலைவர் முன்அனுமதியோடு மாநிலச் சட்டமன்றம் போகவேண்டும். மாவட்ட அளவிலான நிர்வாக உத்தரவு அந்த வழி ஆகாது. எதிர்த்து வழக்குப் போட்டால் வலுவான அடிப்படை இருக்கிறது, ஆனால் தேதி கிடைப்பதற்குள் சீசன் முடிந்துவிடும்.

பென்னாகரம்_ராகி

உணவு இறையாண்மைன்னா வேலி போடறதுன்னு ஆக்கிட்டீங்க. அந்த அமைப்பு எந்த ஆவணத்துலயும் வர்த்தகமே கூடாதுன்னு சொல்லல. அடக்க விலைக்குக் கீழ, மானியத்தோட கொண்டுவந்து கொட்டறதைத்தான் எதிர்க்குது. 2019 நவம்பர்ல ஆர்செப்ங்கற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்துல இருந்து இந்தியா விலகினப்ப நியூசிலாந்து பால்பவுடர்தான் பெரிய பயமா இருந்துச்சு. நம்ம ரெண்டு மாவட்டத்துல சாயந்தரம் ஆறு மணிக்குச் சங்கத்துக்குப் பால் ஊத்தற வீட்டுக்கு அது என்னன்னு விளக்கவேண்டியதில்ல.

நான் கையில வச்சிருக்கற உதாரணம் ராகி. 2023ல நீலகிரியிலயும் தர்மபுரியிலயும் ரேஷன் கடையில அரிசிக்குப் பதிலா குடும்பத்துக்கு 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்க. நுகர்பொருள் வாணிபக் கழகம் இங்கயே கொள்முதல் பண்ணுது. ஆதார விலை 2022–23ல குவிண்டால் 3,578 ரூபாய், 2025–26ல 4,886. இங்க விளைஞ்சது இங்கத்து ரேஷன்ல போகுது. இதுக்குப் பேர்தான் உணவு இறையாண்மை. வேலி எங்க இருக்கு?

கொள்முதல்ல மூட்டை திரும்பறது ரெண்டு காரணத்துக்கு. ஈரம் 12 விழுக்காட்டுக்கு மேல இருந்தா மீட்டர் காட்டிக் கொடுத்துடும். தார் ரோட்டுல போட்டு அடிச்சா கல்லும் மண்ணும் ஒரு விழுக்காட்டைத் தாண்டும். தார்ப்பாய் மேல ரெண்டு வெயில் காய வச்சு, காத்துல தூத்தி, சல்லடையில ஒரு ஓட்டு ஓட்டினா இந்தச் சங்கடமே வராது.

அரூர்_சட்டம்

இந்த ராகித் திட்டம் உலக வர்த்தக விதியோடு உரசும் இடம் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். அரசு ஆதார விலைக்கு வாங்கினால் அது மானியக் கணக்கில் ஏறும். இந்தியாவுக்கு ஒரு பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காடு வரை அனுமதி. ஆனால் மானியத்தை அளப்பது 1986–88 விலையோடு ஒப்பிட்டு. அந்தக் காலத்து விலையோடு இன்றைய ஆதார விலையை ஒப்பிட்டால் எதுவும் மானியமாகத்தான் தெரியும். நெல்லில் இந்தியா வரம்பைத் தாண்டி, 2013 டிசம்பர் பாலி மாநாட்டில் கிடைத்த, வரம்பு மீறினாலும் வழக்குத் தொடர மாட்டோம் என்ற சமாதானப் பிரிவைப் பயன்படுத்தியே தப்பியது. அந்தப் பிரிவு ஒப்பந்தம் நடந்த நாளில் ஏற்கெனவே இருந்த திட்டங்களுக்குத்தான்.

2023-இல் தொடங்கிய ராகி விநியோகம் அதற்குள் வருமா என்று கேட்டால், வரும் என்று வாதாடலாம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 செப்டம்பரில் அரசிதழில் வந்தது, பாலிக்கு முன்பு. அதன் முதல் அட்டவணையில் அப்போதே அரிசி 3 ரூபாய், கோதுமை 2, சிறுதானியம் 1 ரூபாய் என்று இருந்தது. திட்டம் பழையது, தானியம் மட்டும் மாறியது என்பது வாதம். ஒசூர் நண்பர் பொது விதி வேண்டும் என்கிறார், நியாயம். ஆனால் அந்தப் பொது விதியில் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய விலையை அளவுகோலாக வைத்திருப்பதை என்ன சொல்வார்?

ஒசூர்_பாலிஹவுஸ்

அது அநியாயம்தான். திருத்தணும். அளவுகோல் தப்புன்னா அளவுகோலை மாத்தச் சொல்லுங்க, தராசையே தூக்கிப் போடச் சொல்லாதீங்க.

விதைக்கு வர்றேன். பிரிவு 19, விதை உரிமைன்னு தீர்மானத்துல எழுதப்போறீங்க. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி முழுக்க வீரிய ஒட்டு. ஏக்கருக்கு 40 கிராம் சுமார் விதை, 98 குழித் தட்டுல நாத்து. அந்தப் பழத்துல இருந்து விதை எடுத்து மறுபடி போட்டா ஒண்ணு குட்டையா, ஒண்ணு நெட்டையா, ஒண்ணு வாடல்ல போற செடியா பிரியும். உரிமை இருந்து என்ன பிரயோஜனம்?

பென்னாகரம்_ராகி

தக்காளிக்கு அது சரி. உரிமை பயன்படறது தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்ல: ராகி, சாமை, நெல், நிலக்கடலை. 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் 39ஆவது பிரிவு என்ன சொல்லுது? பாதுகாக்கப்பட்ட ரகமா இருந்தாலும் விவசாயி சேமிக்கலாம், விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம். ரகப் பேர் போட்ட பையில பிராண்ட் விதையா மட்டும் விக்கக்கூடாது. அறிவிச்ச விளைச்சல் வரலைன்னா இழப்பீடு கேக்கவும் அதே பிரிவுல இடம் இருக்கு, ஆனா பில்லும் விதைப் பை லேபிளும் கையில இருக்கணும். அதைக் கிழிச்சுப் போட்டுட்டு மனு எழுதறவங்கதான் அதிகம்.

பையூர் 2ங்கற ராகி ரகத்தை ஒருமுறை வாங்கினா அடுத்தடுத்து நம்ம களத்துலயே எடுக்கலாம். நாத்து விட்டு நடறதுக்கு ஏக்கருக்கு 2 கிலோ போதும். வரப்போரம் விட்டு வயல் நடுவுல, முதல் தூர்க் கதிரா 400 கதிர் தேர்ந்து கிள்ளினா கிட்டத்தட்ட அந்த ரெண்டு கிலோ தேறும். கெட்டுப்போறது மூணு இடத்துல. கழுத்துல குலைநோய் பட்ட கதிரை விதைக்கு எடுத்தா நோய் கூடவே போகும். பக்கத்து வயல் ராகி அடிச்ச களத்துலயே கூட்டிப் பெருக்காம அடிச்சா கலப்பு. ஈரம் காயாம சாக்குல கட்டினா முளைப்பு போச்சு. இந்த மூணும் இல்லாம இருந்தா நாலு வருசத்துக்கு விதைக் கடைப் படி ஏற வேண்டாம். உரிமைன்னு நான் சொல்றது இந்த 2 கிலோவைத்தான்.

மொரப்பூர்_தோழர்

400 கதிரைக் குனிந்து கிள்ளப்போவது யார், அவருக்கு அன்றைய கூலி எவ்வளவு என்பதும் அந்தக் கணக்கில் வரட்டும்.

தேன்கனிக்கோட்டை_செல்வி

வந்தா சந்தோசம் தோழர். அதே கையோட உங்க சங்கத்துல பொம்பளை செயலாளர் யாருன்னும் சொல்லுங்க, மேல கேட்டேன், இன்னும் பதில் வரல.

பென்னாகரம்_ராகி

சரிங்க, தீர்மான வாசகம் இப்படி வைக்கறேன். ஒண்ணு, அடங்கல்ல பயிரிடறவர் பேரை, பெண்ணா இருந்தாலும் குத்தகையா இருந்தாலும், நேர்ல பார்த்து எழுதி கொள்முதல் நிலையத்துல அதை ஏத்துக்கணும். ரெண்டு, ராகியோட சாமையையும் கொள்முதல்ல சேர்த்து, அறுவடைக்கு முன்னயே நிலையம் திறக்கணும். மூணு, 1997 தொழில் நில எடுப்புச் சட்டத்துல ஒப்புதல் பிரிவு வேணும். நாலு, கச்சா பட்டு இறக்குமதி வரியை மாத்தறதுக்கு முன்ன கூடு வளர்க்கறவங்க, நெசவாளர் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுக் கேக்கணும். "உலக வர்த்தக அமைப்பே வெளியேறு"ங்கற வரியை எடுத்துட்டு, 1986–88 விலை அளவுகோலை மாத்தணும்னு போடறேன்.

ஒசூர்_பாலிஹவுஸ்

ஒண்ணு, ரெண்டு, நாலுக்குச் சம்மதம். அளவுகோல் வரிக்கும் சரி. மூணாவதுக்கு என் கை ஏறாது. சிப்காட் வந்ததாலதான் ஒசூர்ல நிலம் விலை ஏறுச்சு, பல பேர் கடனும் அடைஞ்சுச்சு. எதிர்ப்புன்னு என் பேரைப் பதிவு பண்ணுங்க.

மொரப்பூர்_தோழர்

வெளியேறு என்ற வரியை எடுத்தால் அது அந்த அமைப்பின் தீர்மானமே அல்ல. நிலமில்லாதவருக்கு ஒரு வரியும் இன்னும் காணோம். "மாவட்டத்தில் உள்ள அரசு தரிசில் நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண் பெயரில் பட்டா" என்று ஐந்தாவதாகச் சேர்த்தால் மட்டும் எங்கள் கிளை வரும். செல்வி, உங்கள் கேள்விக்குப் பதில்: எங்களிடமும் இல்லை.

அரூர்_சட்டம்

ஐந்தாவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முறை பற்றி மட்டும்: ஐந்து கோரிக்கையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் மனு ஒரே துறைக்குப் போய் அங்கேயே நிற்கும். அடங்கலும் தரிசும் வருவாய்த் துறைக்குத் தனித்தனி மனு. கொள்முதல், வாணிபக் கழக மண்டல மேலாளருக்கு. பட்டு வரியும் அளவுகோலும் ஒன்றிய அரசின் வேலை என்பதால் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக. நில எடுப்புச் சட்டம் தொழில்துறைச் செயலாளருக்கு, நகல் இரண்டு மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும். ஒவ்வொன்றுக்கும் மனு எண் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது மனுவில் ஒசூர் நண்பரின் எதிர்ப்பையும் அடியில் குறித்துவிடலாம்.